குளத்தங்கரையா, கணவாய்க்கு அப்பாலா? பொம்மை டைனோசரைப் படமெடுக்க ஏற்ற நிலம் எது?

செங்கோட்டையில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அதன் கணவாயைத் தாண்டினால் கேரளத்தின் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ஈரக் காடு தொடங்கிவிடும். கிழக்கே திரும்பினால் குளங்கள், பொற்றைகள் என்னும் சிறு பாறைக் குன்றுகள், முள் நிறைந்த உடைமரங்கள். பொம்மை டைனோசர்களை வெளியில் வைத்துப் படமெடுக்கும் ஆசை வந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கிறது, கையில் இரண்டு மூன்று பொம்மைகள்தான் இருக்கின்றன, எந்தப் பக்கம் போவது?

கேட்கும்போதே பலர் பதிலையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள். டைனோசர் என்றால் அடர்ந்த காடு. காடு என்றால் கணவாய்க்கு அப்பால். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நம்பி மலையேறினேன். அந்தப் படங்களில் இன்று எடுத்துக் காட்டத்தக்கவை நான்கைந்துதான். வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்துக் குளத்தில் ஒரே காலையில் அதைவிட அதிகமான நல்ல படங்கள் கிடைத்தன. ஏன் அப்படி என்று யோசித்துப் பார்த்ததில் பிறந்ததுதான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது, அளவு. டைரனோசாரஸ் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமான விலங்கு. உங்கள் பொம்மை 30 சென்டிமீட்டர் என்றால் அது நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே படத்துக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் மனத்துக்குள் நாற்பதால் பெருக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மணல், 4 சென்டிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். எலுமிச்சையைவிடச் சிறிய கல், ஒரு மீட்டர் குண்டுப்பாறை. ஒரு சாண் மாவிலையோ 8 மீட்டர்! எட்டு மீட்டர் இலைக்குப் பக்கத்தில் நிற்கும் எந்த விலங்கும் பொம்மையாகத்தான் தெரியும். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. கண் தானாகவே போட்டுக்கொள்ளும்.

குற்றாலத்துச் சாரல் காலக் கடைகளில் பாலிதீன் பைக்குள் அடைத்து விற்கும் 15 சென்டிமீட்டர் பொம்மை என்றால் எண்பதில் ஒரு பங்கு. அதற்கு மண்ணும் இலையும் இன்னும் பொடியாக இருக்க வேண்டும். சிறிய பொம்மை எளிது என்று நினைக்கிறோம்; நிலம் தேடும் வேலையில் அதுதான் கடினம்.

இதே கணக்கு லென்ஸின் உயரத்துக்கும் பொருந்தும். நின்று பார்க்கும் மனிதனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை நாற்பதால் வகுத்தால் 4 சென்டிமீட்டர். உங்கள் லென்ஸ் அந்த உயரத்துக்கு இறங்கினால், டைனோசருக்கு முன்னால் மனிதன் நிற்கிறான். குந்தியிருந்து எடுத்தால் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறான். எந்த நிலத்தைத் தேர்ந்தாலும் வயிறு மண்ணில் படத்தான் வேண்டும். படுக்க முடியாத இடம் நமக்கு உதவாது.

இரண்டாவது, தூரம். பொம்மைக்குப் பின்னால் உண்மையான மலை, அதன்மேல் உண்மையான மங்கல். ஐந்து கிலோமீட்டர் காற்று தரும் அந்த நீலச் சாயலை வேறு எதனாலும் கொண்டுவர முடியாது. மூன்றாவது, வெளிச்சம் எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. நான்காவது, காலப் பொருத்தம். ஸ்டெகோசாரஸ் ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதற்கு ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் கழித்துத்தான் டைரனோசாரஸ் வருகிறது. ஸ்டெகோசாரஸின் காலடியில் புல்லும் பூவும் இருந்தால் விஷயம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். கடைசியாக, அனுமதியும் மறைந்த செலவும்: பணம் மட்டுமல்ல, நேரம், உடம்பு, அடுத்தவருக்கு நேரும் தொந்தரவு எல்லாம் சேர்த்து.

## வற்றிய குளம்

என் ஓட்டு இதற்குத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தென்காசிப் பக்கத்துக் குளங்கள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்தபின் மெல்ல வற்றத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பலவற்றில் நடுப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரின் விளிம்புதான் நமக்கு வேண்டிய இடம். வண்டல் அங்கே மாவுபோல் இருக்கிறது. நாற்பதால் பெருக்கினாலும் மண் மண்ணாகவே நிற்கும்.

வெடிப்புகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கரையோரம் ஆழமாகக் காய்ந்த கரம்பையில் வெடிப்பு விரற்கடை அகலம் இருக்கும். அதில் டைரனோசாரஸின் கால் சிக்கிக்கொள்வதுபோல் தோன்றும். தண்ணீர் விளிம்பில் மெல்லிய வண்டல் படலம் மட்டும் காய்ந்த இடத்தில் வெடிப்புகள் நகக்கண் அளவில், பின்னல்போல விழுந்திருக்கும். அந்த மெல்லிய பின்னல்தான் நாற்பதில் ஒரு பங்குக்குச் சரி.

இன்னும் ஈரமாக இருக்கும் இடத்தில் பொம்மையின் காலை அழுத்தி எடுத்தால் தடம் பதியும். அழுத்தவே தேவையில்லாத இடமும் உண்டு: உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகள் இரை தேடி நடந்த சேறு. மூன்று விரல் தடம், நீளம் இரண்டு இரண்டரை சென்டிமீட்டர். நாற்பதால் பெருக்கினால் ஒரு மீட்டர். டைரனோசாரஸின் பாதத்தடமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை என்று படித்திருக்கிறோம். அந்த வழித்தோன்றல் நமக்காக வரைந்து வைத்துவிட்டுப் போன தடத்தின்மேல் பொம்மையை நிறுத்தும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. கொக்கின் தடம் மிகப் பெரியது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மேற்கே மலைத்தொடர் முழுச் சுவராக நிற்கிறது. காலையில் சூரியன் சமவெளிக்கு மேல் தடையின்றி எழுந்து, பொம்மையின்மீதும் அதற்குப் பின்னால் உள்ள மலையின்மீதும் ஒரே நேரத்தில் படுகிறது. ஆறேகாலிலிருந்து ஏழே முக்கால் வரை கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஈடு கிடையாது. மாலையில் கதை வேறு. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும், மலை கறுத்துப்போகும். நிழலுருவம் எடுக்க விரும்பினால் வாருங்கள், நிறம் வேண்டுமென்றால் வேண்டாம்.

காலப் பொருத்தம்? குளத்தில் புல் முளைத்திருக்கும். ஜுராசிக் விலங்கு என்றால் புல்லில்லாத சேற்றுத் திட்டைத் தேடுங்கள். ஆனால் இந்தியாவின் டைட்டனோசார் வகை நீள்கழுத்து விலங்கு உங்களிடம் இருந்தால் புல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த புதைபடிவச் சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தச் சாணம் டைட்டனோசார்களுடையதாகக் கருதப்படுவது. டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில் இந்த மண்ணில் புல் இருந்திருக்கிறது, மேயவும் பட்டிருக்கிறது. நம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸ் என்ற பெரிய டைனோசரும் அந்தக் காலத்து உயிர்தான். குளத்துப் புல்லில் ஒரு நீள்கழுத்தனை நிறுத்துவதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டாம்.

மறைந்த செலவுகளும் உண்டு. முதலாவது உடைந்த பாட்டில் கண்ணாடி. படுப்பதற்கு முன் ஒரு சாக்கை விரியுங்கள். விரிப்பதற்கு முன் தரையைக் கண்ணால் அலசுங்கள். இரண்டாவது சீமைக் கருவேல முள், செருப்பைத் துளைத்துவிடும். மூன்றாவதை எனக்குச் சொன்னவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். வெடிப்புக்குள் விழுந்த குட்டி ராப்டர் பொம்மையை எடுக்கக் கையை நீட்டினேன். "தம்பி, வெடிப்புக்குள் கையை விடாதே, குளிர்ச்சிக்குப் பாம்பு படுத்திருக்கும்" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "சரி அண்ணாச்சி" என்று கம்பை வாங்கி நெம்பி எடுத்தேன். அன்றிலிருந்து பையில் ஒரு கம்பு இருக்கிறது.

## பொற்றையும் உடைங்காடும்

குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் நான் போவது பொற்றைக்கு. மரமில்லாத, பாறை தலைதூக்கிய சிறு குன்று. இங்கே அரை மீட்டர் பாறைப் படி 20 மீட்டர் செங்குத்துச் சரிவாகிவிடும். நீர்க்கசிவு வரைந்த கறுப்புக் கோடுகள் மலைமுகட்டின் நீர்த்தாரைகள்போல் தெரியும். இந்தப் பாறைகள் டைனோசர்களைவிட மிகப் பழையவை. அந்த விலங்குகள் உலகில் நடமாடிய காலத்திலும் இவை இருந்தன என்ற நினைப்பு, படமெடுக்கும் கைக்கு ஒரு மரியாதையைக் கொடுக்கிறது.

ஆனால் பொற்றையின் உண்மையான செல்வம் பாறை அல்ல, அதைச் சுற்றி வளரும் உடையும் வேலமும். அவற்றின் சிற்றிலைகள் அரை சென்டிமீட்டர்கூட வராது. நாற்பதால் பெருக்கினால் 20 சென்டிமீட்டர். உண்மையான மரத்தில் இருக்கக்கூடிய இலைதான். ஓர் உடைக் கன்று, முழங்கால் உயரம், படத்தில் 20 மீட்டர் மரமாக நிற்கும். வறண்ட நிலத்துச் செடிகள் நீரைச் சேமிக்க இலையைச் சிறுத்துக்கொள்கின்றன. அந்தச் சிக்கனம் நமக்கு வரமாக அமைந்துவிடுகிறது. மழைக்காடு டைனோசருக்கு ஏற்றது என்று எல்லோரும் நினைத்திருக்க, அளவுக் கணக்கில் முள்காடு முந்திவிடுகிறது.

உடை, வேலம் எல்லாம் டைனோசர் காலத்துச் செடிகள் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் படத்தில் கண் முதலில் படிப்பது இலையின் அளவை. அது எந்தச் செடி என்பதைப் பிறகுதான். மரத்தைப் பின்னணிக்குத் தள்ளி, பொம்மையின் காலடியில் வெறும் பாறையையும் மண்ணையும் மட்டும் வையுங்கள், போதும்.

புழுதிக்கும் இதுவே இடம். செம்மண்ணைப் பழைய வேட்டித் துணியில் இருமுறை சலித்து, ஒரு சிட்டிகையைப் பொம்மையின் பின்னங்காலுக்கு அப்பால் ஊதினால் ஓடிவந்து நின்ற விலங்கு கிடைக்கும். சலிக்காத மண்ணை ஊதினால் கற்கள் பறக்கும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். சாரல் மாதங்களான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக வரும் காற்று பொற்றைமேல் பொம்மையை நிற்கவிடாது. பின்காலுக்குப் பின்னால் ஈர்க்குச்சியைச் சாய்த்து முட்டுக் கொடுக்கலாம். இரண்டு காலில் நிற்கும் விலங்குக்கு அதுவும் போதாது, உள்ளங்காலில் மெல்லிய கம்பி செருகித்தான் ஆக வேண்டும். கோடையில் ஒன்பது மணிக்கே பாறை சுட்டுவிடும். பொம்மையின் பிளாஸ்டிக் இளகிக் கால் வளையும். வளைந்துவிட்டால் வீட்டில் கொதிநீரில் சிறிது நேரம் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் சரியாகும். கிழக்கு நோக்கி எடுத்தால் காற்றாலைகளும் மின்கம்பிகளும் புகுந்துவிடும், மேற்கையே பாருங்கள். உச்சியில் கோயில் இருக்கும் பொற்றைகளுக்கு நான் இந்த வேலையோடு போவதில்லை.

## கணவாய்க்கு அப்பால்: ஆரியங்காவு முதல் தென்மலை வரை

இந்த வழியின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. புளியரை தாண்டி வளைவுகளில் ஏறி இறங்கியதும் காற்றின் வாசனையே மாறிவிடும். ஆனால் நாம் வந்தது படமெடுக்க.

அளவுகோலை வையுங்கள். தரையெங்கும் கையகல இலைகள். தேக்கு, ரப்பர், காட்டு மரங்களின் சருகுகள். நாற்பதால் பெருக்கினால் ஒவ்வொன்றும் ஒரு படகு. மலையாளிகள் ஈந்து என்று சொல்லும் சைகஸ் மரம் இந்தப் பக்கத்தில் உண்டு. அந்தக் குடும்பம் டைனோசர்களைவிட மூத்தது. அதன் நிழலில் டைனோசரை நிறுத்தும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் நீளும் அதன் ஓலைக்குப் பக்கத்தில் 30 சென்டிமீட்டர் டைரனோசாரஸ் பல்லியாகிவிடும். மரப்பெரணிகளும் அப்படியே. காலம் சரி, அளவு தவறு.

எனவே இங்கே பொம்மையை மாற்ற வேண்டும். வெலாசிராப்டர் உண்மையிலேயே சிறிய விலங்கு. வால்நுனி வரை ஏறத்தாழ இரண்டு மீட்டர்தான். அதையே 30 சென்டிமீட்டர் நீளத்தில் செய்திருந்தால் ஏழில் ஒரு பங்கு ஆகிறது. அப்போது பத்து சென்டிமீட்டர் இலை 70 சென்டிமீட்டராகிறது. காட்டுக்குள் அது இயல்பு. ஈந்தின் கன்றுக்குப் பக்கத்தில் ராப்டர் ஒளிந்து பார்க்கும் படம் என்னிடம் இருக்கும் நான்கைந்து தென்மலைப் படங்களில் ஒன்று. மலையேறுகிறவர் சிறு விலங்கின் பெரிய பொம்மையோடு ஏறட்டும். பெரிய விலங்கின் சிறிய பொம்மையை வீட்டிலேயே வைத்துவிடட்டும்.

பெரிய விலங்குக்கும் இங்கே ஒரு புகலிடம் உண்டு: சாலையோர மண்வெட்டுகளும் தடுப்புச் சுவர்களும். அவற்றில் விரல் நுனி அளவு பாசியும், விரல் நீளப் பெரணிக் கன்றுகளும் அடர்ந்திருக்கும். பாசி புதராகிறது, பெரணி மரமாகிறது. ஸ்டெகோசாரஸுக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டம் கிழக்கில் கிடைக்காது. புல்லும் இல்லை, பூவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மேற்குக்கு முழு வெற்றி. ஆனால் வாகனங்கள் வளைவில் திரும்பும் சாலை அது. அகலமான ஓரம் உள்ள இடத்தில் மட்டும், ஒருவர் சாலையைப் பார்த்து நிற்க, மற்றவர் எடுக்க வேண்டும். பாசியைப் பெயர்த்து வசதியான இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பெயர்த்தது பிழைக்காது, சுவரில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்.

வெளிச்சம் இங்கே தாமதமாக வருகிறது. காலைச் சூரியன் மலைமுகட்டைத் தாண்டிவர வேண்டும். வந்தபின்னும் மரக்கூரை மறைக்கும். நடுப்பகலில் கூரையின் இடைவெளி வழியே விழும் ஒளிப்பொட்டு பொம்மையின் அளவே இருக்கும். 12 மீட்டர் விலங்கை ஒரே பொட்டு வெளிச்சம் மூடுவது அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். மேகமூட்டமான நாள்தான் நல்லது. அன்று ஒளி குறைவு, ஆகவே ஸ்டாண்ட் வேண்டும். தூரம் என்ற அளவுகோலில் இந்தக் காடு தோற்றுவிடுகிறது. உள்ளே நின்றால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

அனுமதியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 1956இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததிலிருந்து எல்லை மலைமேல் ஓடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டு வனத்துறை, அந்தப் பக்கம் கேரள வனத்துறை. தென்மலையை ஒட்டியிருப்பது 1984இல் அறிவிக்கப்பட்ட செந்துருணி வனவிலங்குச் சரணாலயம். பொம்மைதானே என்று சாலையை விட்டு உள்ளே இறங்கினால் அது அத்துமீறல். யானை நடமாடும் காடு. தரையில் படுத்து லென்ஸுக்குள் கண்ணை வைத்திருப்பவர் சுற்றிலும் நடப்பதை அறியமாட்டார். சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட பகுதிக்குள் நில்லுங்கள், அல்லது தெரிந்தவரின் ரப்பர் தோட்டத்தில் கேட்டுக்கொண்டு எடுங்கள். கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தைச் சாலையில் நின்றே பின்னணியாக்கலாம். நல்ல கோணத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்குவது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம்.

மழை மாதங்களில் அட்டை ஏறும். படுக்கும் வேலை என்பதால் நமக்கு அது காலோடு நிற்காது.

## அருவியும் ஓடையும்

சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். தண்ணீர் அளவுக்குப் பணியாது. 3 மில்லிமீட்டர் துளி, நாற்பதால் பெருக்கினால் 12 சென்டிமீட்டர் உருண்டை. அப்படி ஒரு மழையோ அருவியோ உலகில் இல்லை. சிறு உருவங்களை வைத்துத் திரைப்படம் எடுப்பவர்கள் வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டியும் தண்ணீரோடு போராடியிருக்கிறார்கள். நாமோ அசையாப் படம் எடுக்கிறோம். அருவி தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அழகு. தேங்கிய, அசையாத நீரில் விழும் நிழல் இன்னும் அழகு. பொம்மையை ஓடும் நீரில் நிறுத்துவது மட்டும் கூடாது. என் ஸ்டெகோசாரஸ் ஒன்று அப்படித்தான் ஓடையோடு போனது. அரை நாள் தேடியும் கிடைக்கவில்லை. பொம்மையை இழந்ததைவிட, ஒரு பிளாஸ்டிக் துண்டை அந்த நீருக்குக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. மக்கள் குளிக்கும் இடத்தில் கேமராவோடு தரையில் படுப்பது முறையல்ல.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களையும் பலர் கேட்கிறார்கள். ஒரு சாண் பூவை நாற்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## வீட்டுக் கொல்லை

ஒரு பழைய தாம்பாளத்தில் சலித்த மண், புளியங்கன்றின் கிளை, ஓரத்தில் தொட்டாச்சிணுங்கி. லென்ஸை நான்கு சென்டிமீட்டருக்கு இறக்கி, வானத்தை மட்டும் பின்னணியாக வைத்தால் சுவர் தெரியாது. மலை கிடைக்காது, நேரம் கிடைக்கும். மழை விட்ட பத்து நிமிட வெளிச்சத்தைப் பிடிக்க வீட்டிலிருப்பவரால்தான் முடியும். சிறு பிள்ளைகளோடு தொடங்குகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாம்பு, கண்ணாடி, வாகனம் எதைப் பற்றியும் அஞ்சாமல் பிள்ளைகள் வயிற்றில் படுத்துப் பழகலாம்.

## ஒரே பார்வையில்

| நிலம் | இலை, மண் அளவு | பின்னணித் தூரம் | நல்ல நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வற்றிய குளம் | மிக நன்று | முழு மலைத்தொடர் | ஏப்ரல், மே; அதிகாலை | கண்ணாடி, முள், வெடிப்புக்குள் பாம்பு |
| பொற்றை, உடைங்காடு | மிக நன்று | நன்று (மேற்கு நோக்கி மட்டும்) | டிசம்பர் முதல் மார்ச். காலை | காற்று, சூட்டில் வளையும் பொம்மை |
| கணவாய்க்கு அப்பால் | பெரிய விலங்குக்குப் பொருந்தாது. ராப்டருக்கும் பாசிச் சுவருக்கும் நன்று | இல்லை | மேகமூட்டமான நாள் | அனுமதி, பயணம், அட்டை, சாலை |
| அருவி, ஓடை | தண்ணீர் காட்டிக்கொடுக்கும் | தூரத்திலிருந்து மட்டும் | தேங்கிய நீர் உள்ள நாள் | தொலையும் பொம்மை, கூட்டம் |
| கொல்லை | நாமே அமைக்கலாம் | வானம் மட்டும் | எந்நாளும் | அநேகமாக இல்லை |

## போனா, கேமராவா?

இந்தக் கேள்விக்கு அரை நாள் செலவிடுகிறவர்கள் நிலத்தைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. போன் போதும், சில வகையில் அதுவே மேல். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஏறக்குறையத் தொட்டுவிடும். பெரிய கேமராவின் உடம்பு அவ்வளவு கீழே இறங்காது. போனின் சென்சார் சிறியது என்பதால் முன்னும் பின்னும் அதிகத் தூரம் தெளிவாக விழும். பின்னணி முழுவதும் கரைந்துபோன படம் ஆளை எடுக்க அழகு, டைனோசருக்கு நஞ்சு. கண் அந்தக் கரைசலைப் பார்த்ததும் "சிறிய பொருள், பக்கத்தில் இருந்து எடுத்தது" என்று முடிவு கட்டிவிடும். ஆளைத் தனித்துக் காட்டும் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவையுங்கள்.

பெரிய கேமரா வைத்திருப்பவர் லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்க வேண்டும், ஸ்டாண்டும் வேண்டும். அப்போதும் பொம்மையும் மலையும் ஒரே படத்தில் தெளிவாக வராவிட்டால், அசைக்காமல் பொம்மைக்கு ஒன்றும் மலைக்கு ஒன்றுமாக ஃபோகஸ் செய்து எடுத்து, பிறகு இணைக்கலாம். இன்னும் எளிய வழி, ஒன்றரை மீட்டர் பின்னால் போய் எடுத்து, ஓரங்களை வெட்டிக்கொள்வது. குறைந்த ஒளியுள்ள கணவாய்க்கு அப்பால் மட்டும் பெரிய கேமரா தெளிவாக முந்துகிறது. புதிதாக வாங்கப் பணம் ஒதுக்கியிருப்பவருக்கு என் ஆலோசனை: அந்தப் பணத்தில் ஒரு பகுதியை 30 சென்டிமீட்டருக்குக் குறையாத, தோலின் மடிப்பு கவனமாகச் செதுக்கப்பட்ட ஒரு நல்ல பொம்மைக்குக் கொடுங்கள். நாற்பதில் ஒரு பங்கு உடம்பில் கண்ணின் வண்ணப்பூச்சு பிசகியிருந்தால் எந்த லென்ஸாலும் காப்பாற்ற முடியாது.

## யார் எங்கே போகலாம்?

டைரனோசாரஸ், நீள்கழுத்து விலங்குகள், கூட்டமாக நடக்கும் காட்சி என்றால் ஏப்ரலில் வற்றிய குளம். குளம் நிறைந்திருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை பொற்றை. ராஜாசாரஸ் பொம்மை கிடைத்தவரும் பொற்றைக்கே போகட்டும். 2003இல் பெயர் சூட்டப்பட்ட அந்தக் குஜராத்து விலங்கு ஏறத்தாழ ஆறேழு மீட்டர் நீளம் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. பொம்மை 20 சென்டிமீட்டர் இருந்தால் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு வரும். உடையிலை அதற்கும் பொருந்தும்.

ஸ்டெகோசாரஸ், ராப்டர், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு என்றால் தயங்காமல் மலையேறுங்கள், மேகமூட்டமான நாளாகப் பார்த்து. ஜூன், ஜூலையில் கிழக்கே காற்று அலைக்கழிக்கும்போது மேற்கே மரங்களுக்கு அடியில் இலைகூட அசையாது. அந்த இரண்டு மாதங்களில் நான் கணவாயைத் தாண்டுவதுண்டு. புனலூர்ப் பக்கம் இருப்பவர்கள் நேர்மாறாகச் செய்யுங்கள்: உங்கள் சுவரின் பாசியை எப்போது வேண்டுமானாலும் படமெடுக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் முந்தைய நாள் இரவே செங்கோட்டைக்கு வந்து தங்குங்கள். ஆறேகால் மணிக்குக் குளத்தில் இருக்க வேண்டும் என்றால் காலைப் பயணம் உதவாது.

எங்கே போனாலும், போகும்போது பொம்மைகளை எண்ணிப் பையில் போடுங்கள், திரும்பும்போதும் எண்ணுங்கள். நான் ஒரு தீப்பெட்டி அட்டையில் எண்ணிக்கையை எழுதிப் பையின் வாயிலேயே செருகிவைத்திருக்கிறேன். குறைந்தால், வெயில் ஏறினாலும் சரி, கிடைக்கும்வரை தேடிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன்.